பண்டிகைக்கு முன் முடிக்க வேண்டிய புத்தகங்கள்

கிறிஸ்துமஸ் வரைக்கும் வருகிறேன், அதற்கப்புறம் டயாலிசிஸ் வேண்டாம் என்று என் கணவர் சொன்னது ஒரு மழை நாளில், குரோம்பேட்டை சிக்னலில் எங்கள் ஆட்டோ நின்றிருந்தபோது. நாளையிலிருந்து பால் பாக்கெட் வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னார். "கிறிஸ்துமஸ் புக்கை முடிச்சிட்டு நிறுத்திக்கலாம்மா. போதும்." நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட மனிதர். மெஷினை விட்டால் சில நாள், மிஞ்சிப்போனால் சில வாரம். சிக்னல் பச்சையானது. நான் அவர் மடியிலிருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் புக் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்குச் சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தைத் தின்றது. கண் போனதில்தான் அவருக்கு வருத்தம் அதிகம். அவர் படிக்கிற ஆள். அலுவலகத்துக்கு ரயிலில் போன காலமெல்லாம் தாம்பரத்தில் பிரித்த புத்தகத்தைக் கடற்கரை ஸ்டேஷனில்தான் மூடுவார். நான் அப்படி இல்லை. நான் ரிடையரான கணக்கு டீச்சர். கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் நாலாவது பக்கத்தில் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், ஊசி குத்திய கையை அசைக்காமல் கட்டிலில் கிடக்கிற மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் கூரையைப் பார்ப்பது? ஒரு நாள் அவரே கேட்டார். "எதையாவது படியேன்." அன்று பிடித்தது இந்தச் சனி.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், கதை வாசித்துக் காட்டுகிற ஆப் ஒன்றை அவர் போனில் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். அவர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுக் காதிலிருந்து கழற்றிவிட்டார். "ரத்தத்தை மெஷின் சுத்தம் பண்ணுது. கதையையும் மெஷின் சொன்னா, அப்புறம் நீ எதுக்கு இங்க உக்காந்திருக்கே?" நியாயமான கேள்விதான். வெளியே காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்று நான் சொல்லவில்லை.

பண்டிகை விதி அவர் போட்டது. அவர் உடம்பிலிருந்து பிறந்த விதி அது. டயாலிசிஸ்காரர்களுக்குப் பண்டிகை என்பது வாசலில் நின்று பார்க்கிற விஷயம். பொங்கலுக்கு வெல்லம் ஆகாது, கரும்பு ஆகவே ஆகாது. கிறிஸ்துமஸுக்கு கேக்கும் கல்கல்லும் அச்சுமுறுக்கும் டப்பாவோடு சரி. பிரியாணியில் உப்பு. காய்கறியை நறுக்கி, வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சக்கையைத்தான் தாளித்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர்கூட அளந்துதான். இப்படி வாயைக் கட்டிப்போட்ட பிறகு அவர் கண்டுபிடித்த வழி, வாய்க்கு இல்லாததைக் காதால் சாப்பிடுவது. வரப்போகும் பண்டிகைக்கு ஏற்ற புத்தகமாக நான் தேடிக்கொண்டு வர வேண்டும். அதில் அந்தப் பண்டிகையின் சாப்பாடு இருக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தின டயாலிசிஸுக்குள் முடிக்க வேண்டும். பண்டிகை முடிந்தபிறகு படிக்கிற பண்டிகைப் புத்தகம் ஊசிப்போன பலகாரம் என்பார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் பண்டிகை விஷயத்தில் அவர் கட்சி மாறியவர். எந்தப் பலகாரம் நம் வீட்டுக்கு வருகிறதோ அந்தப் பண்டிகை நம்முடையது என்பது அவர் கொள்கை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் எட்டு வீடு. தீபாவளி அதிரசம் வரும், கிருஷ்ண ஜெயந்தி சீடை வரும், நோன்புக் கஞ்சி வரும். ஆகையால் வருஷம் முழுவதும் எனக்குத் தேடுகிற வேலை இருந்தது.

கிளை நூலகத்தில் போய் நின்று, "தீபாவளிக்கு ஏத்த மாதிரி ஒரு கதைப் புத்தகம் வேணும்" என்று நான் முதல்முறை கேட்டபோது அங்கிருந்த அம்மா நரகாசுரன் கதையை எடுத்துக் கொடுத்தார். "இல்லைங்க, சாப்பிடுற மாதிரி" என்றேன். சமையல் குறிப்புகள் அலமாரியைக் காட்டினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் நானே அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டக் கற்றுக்கொண்டேன். கதை என்ன, எழுதியவர் யார், எதுவும் பார்க்க மாட்டேன். யாராவது சாப்பிடுகிறார்களா என்று மட்டும் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. கதைகளில் ஆட்கள் காபி குடிக்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார்கள். சாப்பிடுவதே இல்லை. எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வீட்டில் யாரோ தட்டில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

வெயில் காலத்தில் சாப்பாடு வேண்டாம் என்றார், தண்ணீர் வேண்டும் என்றார். அக்னி நட்சத்திரத்தில் அளந்து குடிக்கிறவனுக்கு ஆறு ஓடுகிற கதைதான் வேண்டும் என்று பிடிவாதம். ஆற்றங்கரைக் கதை ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து படித்தேன். அதில் ஒருவன் நடு ஆற்றில் நின்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடிக்கிற இடம் வந்தது. அந்த வார்டில் ஆறு கட்டில். ஆறு கட்டிலும் சத்தமில்லாமல் கிடந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நிறுத்துக்கா. நாக்கு அப்டியே ஒட்டிகிச்சு."

நிறுத்தினேன்.

"இல்ல, இல்ல. படி. இன்னும் எவ்ளோ குடிச்சான்?"

அப்படித்தான் அந்தப் பம்மல்காரர் எங்கள் புத்தகத்துக்குள் நுழைந்தார். நாற்பது வயதுகூட ஆகாத ஆட்டோ டிரைவர். பம்மலில் வீடு, மனைவி, படிக்கிற இரண்டு பெண்கள். உடம்பு முடியாமல் போனபிறகு அவர் ஆட்டோவைத் தம்பி ஓட்டுகிறான். எங்களுக்கு இருக்கிற அதே நாள்கள்தான் அவருக்கும். என்னை அக்கா என்பார், என் கணவரை சார் என்பார். ஒரு வாரம் நான் தொண்டை கட்டிப் படிக்காமல் இருந்தபோது, "சார், அக்காவுக்கு மிளகு கசாயம் வெச்சிக் குடுங்க, கதை நின்னுபோயி ஒரே பேஜாரா கீது" என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினார்.

சாப்பாடு இல்லாத கதைகளில் நான் சாப்பாடு சேர்க்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதுதான். "எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்தார்கள்" என்று ஒரு வரி வரும். என் கணவர் கண்ணைத் திறப்பார். "என்ன சாப்பிட்டாங்க?" புத்தகத்தில் இல்லை. இல்லை என்றால் முகம் தொங்கிப்போகும். அதனால் ஒரு நாள் நானே, பார்த்துப் படிக்கிற குரலில், "சுடச்சுட இட்லி, வாழைப்பூ வடை, கெட்டிச் சட்னி" என்று சேர்த்தேன். அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வரி இரண்டு வரியானது. இரண்டு வரி ஒரு பக்கமானது. கணக்கு டீச்சருக்கு இவ்வளவு வாய் ருசி உண்டு என்று எனக்கே அதுவரை தெரியாது.

தீபாவளிக்கு நான் எடுத்த கதையில் ஒரு பெரிய குடும்பம் ஒன்றுகூடுகிறது. சண்டை போடுவதற்குத்தான் கூடுகிறார்கள். சொத்து, பாகம், அழுகை என்று இருநூறு பக்கம். பண்டிகைக்கு முந்தின டயாலிசிஸ் அன்று ஜி.எஸ்.டி. ரோடு முழுவதும் ஊருக்குப் போகிறவர்கள். பெட்டியும் பிள்ளையுமாக பஸ்ஸுக்கு அலைகிற கூட்டத்தை வெட்டிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஊருக்குப் போகாதவர்களாக அன்று அந்த ரோட்டில் நாங்கள்தான் இருந்திருப்போம். உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் பிரித்தால் அதிலும் சண்டை. பண்டிகையும் அதுவுமாக இதையா படிப்பது என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் குடும்பத்தை உட்காரவைத்து இலை போட்டேன். தீபாவளிக் காலையில் அவர்கள் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்து, கடைசியில் கசகசாவும் தேங்காயும் அரைத்து விட்டு, குழம்பு சுண்டி எண்ணெய் மேலே வரும்வரை விட்டேன். இட்லியைப் பிய்த்து அதில் முக்கினேன். ஆறு கட்டிலும் முக்கியது. மருந்து மாற்ற வந்த சிஸ்டர்கூடக் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

தீபாவளிக்கு அடுத்த முறை நாங்கள் போனபோது பம்மல்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன். படுத்தால் மூச்சு வரவில்லை. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. முந்தின நாளே மூச்சுத் திணறி, தூக்கிக்கொண்டு வந்து, அவசரமாக மெஷின் போட்டிருக்கிறார்கள். அன்று மறுபடியும். சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இவர் என்ன பண்ணார்னு கேளுங்க. நாலு இட்லி, ஒரு கிண்ணம் கறிக்குழம்பு, மேல ஒரு பாட்டில் சோடா. கேட்டா புக்ல வந்துச்சாம்."

அவர் மூச்சை இழுத்து இழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "புக்ல சொன்ன மாதிரியே வெக்கச் சொன்னேங்க்கா. கசகசா எல்லாம் போட்டு. என் வூட்டுக்காரி சூப்பரா வெச்சா. உப்புன்றது அப்பால தான் தெரிஞ்சிது, தாகம் தாங்கல."

என் கணவரைக் கட்டிலில் படுக்கவைக்கும்போது அவர் என் காதருகே சொன்னார். "அந்தக் குழம்பு புத்தகத்துல இல்லைன்னு எனக்குத் தெரியும். கசகசா உங்க வீட்டு வழக்கம்." ஆரம்பத்திலிருந்தே, இட்லி வடையிலிருந்தே, அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தடவைகூடக் காட்டிக்கொண்டதில்லை.

அன்று சிஸ்டர் உத்தரவு போட்டாள். இனிமேல் இந்த வார்டில் சாப்பாடு வருகிற கதை கூடாது. டாக்டரும் தலையாட்டினார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. கார்த்திகை பாதி வரைக்கும், கொட்டுகிற மழையில், யாரும் எதையும் தின்னாத ஒரு துப்பறியும் கதையைப் படித்தேன். கொலை நடந்தது, விசாரணை நடந்தது. டீ வருகிற இடத்தைக்கூடத் தாண்டிப் படித்தேன். என் கணவர் "என்ன சாப்பிட்டாங்க" என்று கேட்கவே இல்லை. கொலைகாரன் யார் என்று தெரியும்முன் தூங்கிப்போனார். விருந்தில்லாத கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி ஒரு முகம்.

அந்த மழையில்தான் குரோம்பேட்டை சிக்னலில் அப்படிச் சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னபோது எனக்குள் இரண்டு வந்தன. ஒன்று பயம். இன்னொன்றைச் சொன்னால் நாலு பேர் காறித் துப்புவார்கள், ஆனாலும் சொல்கிறேன். அப்பாடா என்று இருந்தது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் நான் விடியற்காலையில் எழுந்திருக்காமல் தூங்கினேன், காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சாம்பார் வைத்தேன், பெங்களூருக்குப் போய் மகள் வீட்டில் ஒரு வாரம் சும்மா இருந்தேன். அடுத்த நொடி அவர் இல்லாத வீடு கண்ணுக்கு வந்தது. அதற்கும் அடுத்த நொடி அவர்மேல் கோபம் வந்தது. சாக வேண்டும் என்றால் சாகட்டும். அதற்கும் நான்தான் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் தேடிக்கொண்டு வர வேண்டுமா?

மகளிடம் சொன்னேன். அவள் அழுதாள், வந்தாள், பேசினாள். அப்பா ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "எனக்கு வலிக்கலைடா. அலுத்துப்போச்சு." அவள் திரும்பிப் போகும்போது, "அம்மா, நீங்கதான் எப்படியாவது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் எப்படியாவது என்றால் நான்தான். அலுத்துப்போவதற்குக்கூட இந்த வீட்டில் அவருக்குத்தான் உரிமை இருக்கிறது, எனக்கு இல்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்று. கிறிஸ்துமஸ் புத்தகத்தை எடுக்கவில்லை. புத்தகத்தை முடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்றுதானே சொன்னார். ஆரம்பிக்காத புத்தகத்தை எப்படி முடிப்பார்? கணக்கு டீச்சரின் மூளை அவ்வளவுதான் போயிற்று. "புக் எங்கே?" என்றால், "நூலகம் லீவு" என்றேன். அடுத்த முறை, "மழைத் தண்ணி நின்னுடுச்சு, போக முடியல" என்றேன். அடுத்த முறை, "நல்லதா ஒண்ணும் கிடைக்கல." அவர் ஒவ்வொரு தடவையும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் பையிலிருந்து பின்னலை எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன். யாருக்கு என்று தெரியாத ஒரு சால்வை. பம்மல்காரர் என் கையைப் பார்ப்பார், என் பையைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். அந்தக் குழம்புக்குப் பிறகு அவருக்கு ஒரு கூச்சம்.

டிசம்பர் வந்து, எங்கள் பக்கத்து மாடிகளில் நட்சத்திர விளக்குகள் தொங்க ஆரம்பித்தன. எங்கள் வீட்டு நட்சத்திரத்தை நான் பரணிலிருந்து இறக்கவே இல்லை. சர்ச்சிலிருந்து கேரல் பாட வந்தவர்கள் எங்கள் ஹாலில் நின்று பாடினார்கள். என் கணவரும் உட்கார்ந்தபடியே கூடப் பாடினார். அவர் குரல் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் பத்து வருஷம் இருக்கப்போகிற மனிதரின் குரல். கேக் தட்டோடு நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின டயாலிசிஸ் வந்தது. அவர் கணக்குப்படி அதுதான் கடைசி. அன்று காலை சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். வார்டில் யாரோ பஞ்சை ஒட்டி ஒரு சின்ன மரம் வைத்திருந்தார்கள். ஊசி ஏற்றினார்கள், மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் பின்னலை எடுத்தேன்.

"இன்னிக்காவது எதையாவது படி" என்றார். "சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு கதை. இல்லைன்னா நான் எதோட முடிக்கிறது?"

"எதோடயும் முடிக்க வேணாம்."

"நீ வேணும்னேதான் கொண்டுவரலை."

"ஆமா. வேணும்னேதான் கொண்டுவரலை." என் குரல் ஏறிவிட்டது. வகுப்பறையில் முப்பது வருஷம் கத்திய குரல், அதற்கு வார்டு தெரியாது, நோயாளி தெரியாது. "நீங்க நிறுத்தறதுக்கு நான் புக் தேடணுமா? உங்களுக்கு அலுத்துப்போச்சு. எனக்கு அலுக்காதா? காய் வேகவெச்சுக் கொட்டறது எனக்கு அலுக்கலையா? இந்த ரோட்டுல போறதும் வர்றதும் எனக்கு அலுக்கலையா? உங்களுக்காகக் குழம்பு வெச்சு, இலை போட்டு, ஊர்ல இல்லாத குடும்பத்துக்கெல்லாம் பந்தி பரிமாறினேனே, அது அலுக்கலையா? நீங்க பாட்டுக்கு நிறுத்திட்டுப் போயிடுவீங்க. நான் யாருக்குப் படிக்கிறது?"

ஆறு கட்டிலும் கேட்டது. சிஸ்டர் கதவருகே நின்றுவிட்டாள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. அவ்வளவு களைப்பாக இருந்தது.

பம்மல்காரர் தலையைத் திருப்பினார். "எனுக்குப் படிக்கா" என்றார்.

அவர் மேலே சொன்னார். "மெய்யாலுந்தான். சார் வர்லன்னா இன்னா, நீ வா. தாம்பரத்துல ஷேர் ஆட்டோ ஏறுனா நேரா இங்க இறங்கிக்கலாம். பொங்கலுக்கு எனுக்கு ஒரு கதை படி. துன்றது இல்லாத கதையா இருந்தாலும் சரி. இங்க நாலு மணி நேரம் சும்மா குந்திகினு இருந்தா எனுக்கு என் பொண்ணுங்க நெனப்புதான் வருது. அதுங்க கல்யாணம் வரிக்கும் நான் இருந்தாவணுங்க்கா. எனுக்கு எப்ப அலுத்துக்க முடியும் சொல்லு."

அவர் என் கணவரைக் குத்திக்காட்டவில்லை. அப்படிக் குத்த அவருக்குத் தெரியாது. தன் விஷயத்தைத்தான் சொன்னார், சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். என் கணவர் அவரைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாதவர், குரல் வந்த பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு அந்தப் பக்கமாகவே படுத்துக்கொண்டார். மிச்ச நேரம் முழுக்க அந்த வார்டில் மெஷின் சத்தம் மட்டும்தான். நான் பின்னலில் நாலு வரிசை தப்பாகப் போட்டுப் பிரித்தேன்.

திரும்பும்போது ரோடு நகரவே இல்லை. கிறிஸ்துமஸ் கூட்டம், அரையாண்டு லீவுக் கூட்டம். சானடோரியம் தாண்டியதும் ஆட்டோ நின்றுவிட்டது. கடைகளில் நட்சத்திரம் தொங்கியது, தொப்பி தொங்கியது. அவர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவர் எப்போதும் பிழிந்து போட்ட துணி மாதிரிதான் வருவார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"பொங்கலுக்கு அவனுக்கு என்ன படிக்கப் போறே?" என்றார்.

"தெரியாது."

"கரும்பு வர்ற கதை வேணாம். கேட்டுட்டு நேரா போய்க் கடிச்சிருவான். பொட்டாசியம் ஏறிடும்."

நான் மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"மாடு வர்றதா பாரு. ஜல்லிக்கட்டு இல்லை, சும்மா வீட்டு மாடு. போகிக்கு முன்னாடி முடிச்சிடணும்."

"நீங்க வருவீங்களா?"

ஆட்டோ கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. "வராம?" என்றார். "நீ பாட்டுக்கு மாட்டுக்குப் பொங்கல் வெக்கிறேன்னு ஆரம்பிச்சிடுவே. அவன் தாங்க மாட்டான். உன்னை நிறுத்த ஒரு ஆள் வேணும்ல."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மூன்று வாரமாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் புத்தகத்தை எடுக்காமல் இருந்தேன். அது கையில் வந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அடுத்த டயாலிசிஸ் வந்தது. அதற்கடுத்தது வந்தது. விடியற்காலை வந்தது, கொட்ட வேண்டிய காய்த் தண்ணீர் வந்தது, இதே ரோடு இதே நெரிசல் இதே ஆட்டோ வந்தது, பொங்கல், அப்புறம் லெந்து நோன்பு, அப்புறம் ஈஸ்டர், வெயில், ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் என்று வரிசையாக வந்து என் தலைமேல் உட்கார்ந்தன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அவர் தடவிப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அட, இதுக்குப் போய் யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவாங்களா?" என்றார்.

நான் அவரைத் திருத்தவில்லை.